பெயர் மாற்றம்: சட்டமும் செலவும்

அரசாங்கம் ஒரு குடிமகனை முதன்முதலில் அறிவது பெயரால்தான். பள்ளியில் சேரும்போதும், வாக்களிக்கும்போதும், வங்கியில் கணக்குத் தொடங்கும்போதும், முதுமையில் ஓய்வூதியம் கோரும்போதும் மனிதருக்கு முன்னால் அவருடைய பெயரே அலுவலகத்திற்குள் நுழைகிறது. அந்தப் பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கும்வரை அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஓர் எழுத்து மாறிவிட்டால், உரிமை உள்ளவரே உரிமை அற்றவர்போல வரிசையின் கடைசியில் நிற்க நேர்கிறது.

பீகார் மாநிலத்தின் ஒரு சிற்றூரை எண்ணிப் பார்ப்போம். அங்கே பள்ளிச் சான்றிதழில் 'சுனிதா குமாரி' என்று பதிவாகும் பெண், திருமணத்திற்குப் பின் ஊர் வழக்கப்படி 'சுனிதா தேவி' ஆகிறார். வாக்காளர் பட்டியலில் புதுப் பெயர் ஏறுகிறது. சான்றிதழில் பழைய பெயர் தங்கிவிடுகிறது. அவர் எதையும் மாற்ற விரும்பவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. வழக்கம் மாற்றிய பெயரை ஆவணங்கள் பின்தொடரவில்லை, அவ்வளவே. இத்தகையவர்கள் நம் நாட்டில் மிகப் பலர். அவர்களுக்குச் சட்டம் காட்டும் வழி எது, அதற்கு ஆகும் செலவு என்ன, அந்தச் செலவில் எவ்வளவு உண்மையிலேயே தேவையானது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பல மரபுகள், ஒரே படிவம்

இந்தியாவில் பெயரிடும் முறை ஒன்றல்ல. மகாராஷ்டிரத்தில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசை வழக்கில் உள்ளது. பஞ்சாபில் சீக்கிய ஆண்கள் 'சிங்' என்றும் பெண்கள் 'கௌர்' என்றும் சேர்த்துக்கொள்கின்றனர். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தே பெரும்பாலோருக்குத் தலைப்பெழுத்தாக நிற்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பதில்லை.

படிவங்களோ இவ்வளவு வேற்றுமையை எதிர்பார்த்து வகுக்கப்பட்டவை அல்ல. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இயற்பெயருக்கு ஓர் இடமும் குடும்பப் பெயருக்கு ஓர் இடமும் உண்டு. தலைப்பெழுத்தை விரித்து எழுதியவருக்கு ஓர் ஆவணத்தில் தந்தை பெயர் முன்னும், மற்றோர் ஆவணத்தில் பின்னும் அமைந்துவிடுகிறது. இந்திய மொழி ஒன்றில் உள்ள பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது எழுதுபவர்தோறும் எழுத்துக்கூட்டல் மாறுகிறது. ஆவணங்கள் தனித்தனியே இருந்த காலத்தில் இவ்வேறுபாடுகள் எவரையும் உறுத்தவில்லை. இன்று அவை கணிப்பொறி வழியே ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் பயனாளியின் பெயர் ஆதாரிலுள்ள பெயருடன் ஒத்திருக்க வேண்டும். பான் அட்டையை ஆதாருடன் இணைப்பதற்கும் இதே நிபந்தனை உண்டு. உச்சரிப்பில் கேட்காத ஓர் எழுத்து வேற்றுமை கணிப்பொறிக்கு மட்டும் பெரிய வேற்றுமையாகத் தெரிகிறது.

திருத்தமா, மாற்றமா?

பெயர் குறித்து ஆலோசனை கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தம் பெயர் தவறாகப் பதிவாகியிருப்பதைச் சரிசெய்வது திருத்தம். சரியாகப் பதிவாகியுள்ள பெயரை விட்டு வேறு பெயரை ஏற்பது மாற்றம். இரண்டிற்கும் வழி வேறு, செலவும் வேறு. இந்த வேறுபாட்டை அறியாததால், எழுத்தர் செய்த பிழைக்காகக் குடிமக்கள் அரசிதழ் வரை சென்று பணம் செலவிடுவதைக் காண்கிறோம்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 15ஆம் பிரிவின்படி, பதிவேட்டிலுள்ள ஒரு பதிவு வடிவத்திலோ பொருளிலோ பிழையானது என்று பதிவாளருக்கு நிறைவு தரும் வகையில் மெய்ப்பிக்கப்பட்டால், மூலப் பதிவை அழிக்காமல் அதன் ஓரத்தில் திருத்தத்தைக் குறித்துத் தேதியிட்டுக் கையெழுத்திடலாம். பெயர் சூட்டப்படுவதற்கு முன்னரே பிறப்பு பதிவாகியிருந்தால், பின்னர்ப் பெயரைச் சேர்க்க 14ஆம் பிரிவு இடமளிக்கிறது. விதிகளின்படி ஓராண்டு வரை இதற்குக் கட்டணமில்லை. அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம்.

இச்சட்டத்திற்கு 2023ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை முதலியவற்றிற்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழே அமையும். ஆகவே, குழந்தையின் பெயரை முதற்பதிவிலேயே சரியாக எழுதச் செய்வது பெற்றோர் அதற்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள உதவி ஆகும்.

பெயர் மாற்றத்தின் மூன்று படிகள்

பெயர் மாற்றத்திற்கென நாடு முழுமைக்கும் பொதுவான தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. நடைமுறையில் உருவான மூன்று படிகளே எங்கும் பின்பற்றப்படுகின்றன.

முதற்படி பிரமாணப் பத்திரம். பழைய பெயர், புதிய பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, மாற்றத்திற்கான காரணம் ஆகியவற்றை முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் உறுதிமொழியுடன் கையெழுத்திட வேண்டும். முத்திரைத் தாளின் மதிப்பு மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். காரணம் இன்னதுதான் இருக்க வேண்டும் என்று வரையறை இல்லை. திருமணம், மணமுறிவு, மதமாற்றம், சாதிப் பெயரைத் துறத்தல், தத்தெடுப்பு, சொந்த விருப்பம் என எதுவாயினும் ஆகலாம். ஆனால் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். பொய்யான பிரமாணம் தண்டனைக்குரிய குற்றம்.

இரண்டாம் படி செய்தித்தாள் விளம்பரம். இன்ன பெயருடைய நான் இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்பதை ஊரறியச் செய்வதே இதன் நோக்கம். கடன் கொடுத்தவரும், வழக்குத் தொடுத்தவரும், உறவினரும் இதனால் மாற்றத்தை அறிகின்றனர். விளம்பரம் வெளியான முழுப் பக்கத்தையும் பாதுகாத்து வைப்பது நல்லது. மூலப் படி பின்னர்த் தேவைப்படும்.

மூன்றாம் படி அரசிதழில் வெளியிடுதல். மாநில அரசிதழிலோ இந்திய அரசிதழிலோ இதனைச் செய்யலாம். இந்திய அரசிதழில் தனிநபர்களின் அறிவிப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது நான்காம் பகுதி. இதற்குரிய விண்ணப்பங்களைத் தில்லி சிவில் லைன்ஸ் பகுதியிலுள்ள வெளியீட்டுத் துறை அலுவலகம் பெறுகிறது. பிரமாணப் பத்திரம், விளம்பரத்தின் மூலப் படி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் கூடிய உரிய படிவம், அடையாளச் சான்றின் நகல், புகைப்படங்கள், கட்டணம் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும். 2015 அக்டோபர் முதல் இந்திய அரசிதழ் காகிதத்தில் அச்சாவது நின்று, மின்னணு வடிவில் மட்டுமே வெளியாகிறது. ஆதலால் அறிவிப்பு வெளியானதும் எவரும் அதனை இணையத்தில் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம்.

அரசிதழ் செய்வதும் செய்யாததும்

அரசிதழில் வெளியானதால் அரசாங்கம் தமக்குப் புதிய பெயரை வழங்கிவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. அவ்வறிவிப்புகளுக்குத் தான் சட்டப் பொறுப்பு ஏற்பதில்லை என்றும், விளைவுகளுக்கும் தவறான தகவல்களுக்கும் அறிவிப்பவரே பொறுப்பு என்றும் அரசிதழே அப்பகுதியில் குறிப்பிடுகிறது. பெயரைத் தேர்ந்தெடுப்பவர் குடிமகன். அரசிதழ் அதனைப் பறைசாற்றும் சான்று மட்டுமே.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று, பெயர் மாறியதால் ஒருவரின் கடனோ, ஒப்பந்தமோ, வழக்கோ, சாதிச் சான்றிதழால் வரும் நிலையோ மாறிவிடாது. மற்றொன்று, பழைய பெயரில் உள்ள பட்டமோ பத்திரமோ செல்லாததாகிவிடாது. பழைய ஆவணத்தையும் அரசிதழ் அறிவிப்பையும் சேர்த்துப் படித்தால் இருவரும் ஒருவரே என்பது விளங்கும். எல்லா ஆவணங்களையும் புதுப் பெயரில் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது பெரும்பாலான சமயங்களில் தேவையற்ற சுமையாகும்.

அரசு ஊழியர்களும் மாணவர்களும்

மத்திய அரசு ஊழியர்களுக்குத் தனி நடைமுறை உண்டு. பெயர் மாற்ற விரும்பும் ஊழியர் அதற்குரிய பத்திரத்தைச் சாட்சிகள் முன் எழுதிக் கையெழுத்திட்டு, தம் சொந்தச் செலவில் செய்தித்தாளிலும் இந்திய அரசிதழிலும் வெளியிட வேண்டும். பின்னரே பணிப் பதிவேட்டில் மாற்றம் குறிக்கப்படும். திருமணத்தால் குடும்பப் பெயரை மாற்றும் பெண் ஊழியருக்கு இவ்வளவு தேவையில்லை. மாற்றத்தைத் தெரிவித்து முறையாக விண்ணப்பித்தால் போதும். மணமுறிவுக்குப் பின்னரோ கணவர் இறந்த பின்னரோ பழைய பெயருக்குத் திரும்பவும் இதே எளிய வழி உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திருமணத்திற்குப் பின் பெண் தன் பெயரை மாற்றியாக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் கூறவில்லை. மாற்றுவது விருப்பம், மாற்றாதிருப்பதும் விருப்பமே. எனினும் பழைய பெயருக்குத் திரும்ப விரும்பும் பெண்ணிடம் மணமுறிவு ஆணையையோ கணவரின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தையோ கேட்கும் அறிவிப்பொன்றை எதிர்த்து 2024ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு பெண் மனுத் தாக்கல் செய்தார். தன் பெயருக்குத் தான் திரும்ப மற்றொருவரின் அனுமதி ஏன் என்பதே அம்மனு எழுப்பிய கேள்வி.

மாணவர்களைப் பொறுத்தவரை பொதுத் தேர்வுச் சான்றிதழே பெரும் சிக்கல். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் சான்றிதழ்களில் மாற்றம் கோரிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 3 அன்று தீர்ப்பளித்தது. ஜிக்யா யாதவ் வழக்கு என்று அது அறியப்படுகிறது. ஒருவர் தம் பெயர்மீது கொண்டுள்ள உரிமை, அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு வழங்கும் கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் நீதிமன்றம் கூறியது. பள்ளிப் பதிவேட்டுடனோ பிறப்புச் சான்றிதழ் போன்ற பொது ஆவணங்களுடனோ ஒத்துவரும்படி கோரப்படும் திருத்தத்தை வாரியம் பரிசீலிக்க வேண்டும். விருப்பத்தால் ஏற்ற புதுப் பெயராயின் நீதிமன்றத்தின் அனுமதி அல்லது விளம்புகையும் அரசிதழ் வெளியீடும் தேவை. பழைய பெயரும் புதிய பெயருடன் பதிவில் நிற்கும். திருத்தம், மாற்றம் என்று நாம் மேலே கண்ட பாகுபாட்டையே இத்தீர்ப்பும் கொண்டிருப்பதைக் காணலாம்.

இவ்வுரிமையின் எல்லை குறித்து நீதிமன்றங்களில் விவாதம் தொடர்கிறது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டு ஒரு நீதிபதி பெயர் மாற்ற உரிமையை விரிவாக ஏற்றார். 2025ஆம் ஆண்டு அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, அவ்வுரிமை வரையற்றது அன்று என்றது. திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருக்கு உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழிகாட்டியது. அதன் பின் 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், அடையாளச் சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் பிற ஆவணங்களிலும் தம் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வகைசெய்தது.

செலவுக் கணக்கு

இனி, செலவைப் பார்ப்போம். இந்திய அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புக்கான கட்டணம் அண்மை ஆண்டுகளில் வயது வந்தோருக்கு 1,100 ரூபாயாகவும், வயது வராதோருக்கு 1,700 ரூபாயாகவும் இருந்து வந்துள்ளது. கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நிலவும் தொகையைத் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநில அரசிதழ்களின் கட்டணம் மாநிலந்தோறும் வேறு. செய்தித்தாள் விளம்பரத்தின் செலவு இதழின் விற்பனையையும் சொற்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. சிறிய இதழில் சில நூறு ரூபாயில் முடிவது பெரிய நாளிதழில் சில ஆயிரங்களாகலாம். முத்திரைத் தாளும் நோட்டரி கட்டணமும் இவற்றை நோக்கச் சிறு தொகையே.

அடுத்து வருவன ஆவணங்களை மாற்றும் செலவுகள். ஆதாரில் பெயர் முதலிய விவரங்களை மையத்தில் மாற்றும் கட்டணம் 2025 அக்டோபர் 1 முதல் 75 ரூபாய். பான் அட்டைத் திருத்தம் நூறு ரூபாயைச் சற்றே மிஞ்சும். வாக்காளர் பட்டியலில் எட்டாம் எண் படிவத்தின் வழியே செய்யும் திருத்தத்திற்குக் கட்டணமில்லை. வயது வந்தோருக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டை மறுமுறை பெறுவதற்கான கட்டணம் 1,500 ரூபாய்.

பாஸ்போர்ட் தேவைப்படாதவருக்கு எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் செயல் இது. மாதச் சம்பளக்காரருக்கு அது தாங்கக்கூடியதே. நாட்கூலி பெறுபவருக்கு உண்மைச் செலவு கட்டணத்தில் இல்லை. அலுவலகத்திற்குச் சென்று திரும்பிய நாட்களில் இருக்கிறது. நோட்டரிக்கு ஒரு நாள், விளம்பரத்திற்கு ஒரு நாள், ஆதார் மையத்திற்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கூலி இழப்பு. ஒரு சான்று குறைகிறது என்று திருப்பியனுப்பப்பட்டால் அந்த இழப்பு இரட்டிக்கிறது. இடைத்தரகர்கள் பிழைப்பது இந்த அச்சத்தினால்தான்.

வரிசை தவறினால் செலவு கூடும்

எந்த ஆவணத்தை முதலில் மாற்றுவது என்பதில் கவனம் வேண்டும். அரசிதழ் அறிவிப்பு கைக்கு வந்ததும் ஆதாரை மாற்றுவது நல்லது. அடுத்துப் பான் அட்டை, அதன் பின் வங்கிக் கணக்கு, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என்று செல்லலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறை மட்டுமே சாதாரண முறையில் மாற்ற முடியும். எனவே புதிய பெயரின் எழுத்துக்கூட்டலை, தலைப்பெழுத்தின் இடம், சொற்களுக்கு இடையிலான இடைவெளி உட்பட, பிரமாணப் பத்திரம் எழுதும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். பத்திரத்தில் ஒருவிதமாகவும் விளம்பரத்தில் வேறுவிதமாகவும் எழுதுவோர் ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய் மற்றொன்றைத் தேடிக்கொள்கின்றனர்.

நடைமுறையை எளிதாக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் ஆதார் உறுதிசெய்யப்பட்ட உறுப்பினர்கள் பலர், 2025 ஜனவரி முதல், பெயர் முதலிய விவரங்களை நிறுவனத்தின் ஒப்புதலை நாடாமல் தாங்களே திருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது. வேலையை விட்டு ஆண்டுகள் பல கடந்தபின் பழைய முதலாளியின் கையெழுத்தைத் தேடி அலைந்த தொழிலாளிக்கு இது சிறிய உதவி அன்று.

அலுவலரின் கடமை

பெயரைச் சரிபார்ப்பதில் அரசாங்கத்திற்கு நியாயமான அக்கறை உண்டு. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதும், கடனிலிருந்தும் குற்றத்திலிருந்தும் பெயர் மாற்றித் தப்புவதைத் தடுப்பதும் அதன் பொறுப்பு. விளம்பரமும் அரசிதழும் சாட்சிகளும் இதற்காகவே ஏற்பட்டன. ஆனால் அந்தக் கண்டிப்பு மாற்றத்திற்கு உரியது. பிழைக்கு உரியது அன்று. பிழை அலுவலகத்தில் நேர்ந்திருந்தால் அதனைத் திருத்தும் சுமையையும் அலுவலகமே ஏற்பது முறை.

சுனிதா குமாரியும் சுனிதா தேவியும் ஒருவரே என்பதை அறியத் திருமணச் சான்றும், ஒரே பிறந்த தேதியும், ஒரே தந்தை பெயரும், ஒரே புகைப்படமும் போதுமான இடத்தில், தில்லி அரசிதழைக் கொண்டுவரச் சொல்வது விதியைக் காப்பது ஆகாது. மனுவைக் கையில் வாங்கும் அலுவலர் 'இது திருத்தமா, மாற்றமா' என்ற ஒரு கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொண்டு, தேவையான சான்றுகளின் பட்டியலை முதல் நாளிலேயே முழுமையாக எழுதிக் கொடுத்தால், ஏழை ஒருவரின் பல நாட்கூலி மிஞ்சும். இன்று மாணவராக இருந்து நாளை அந்த நாற்காலியில் அமரப்போகிறவர்களும் இதனை நினைவில் கொள்ள வேண்டும். பதிவேட்டில் ஒரு பெயரை எழுதும் சில நொடிகளின் கவனம், அப்பெயருக்கு உரியவரின் பல ஆண்டு அலைச்சலைத் தவிர்க்கும்.